ஜன்னல் பக்கத்துக் கண்

ஞாயிறுதோறும் சிலர் கூடிப் படம் வரையும் ராஜகீழ்ப்பாக்கத்து மாடி அறையில், ஓவியத்துக்காக அமர்ந்திருப்பவரின் உடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் வரையலாம். மூக்கின் கோணலையும் கழுத்தின் மடிப்பையும் ஏறிப்போன நெற்றியையும் ஒளிவுமறைவில்லாமல் கான்வாஸில் கொண்டுவரலாம். ஆனால் கண்டதை வாயால் சொல்லக்கூடாது. இப்படியொரு விதி இருப்பதாக யாரும் யாருக்கும் அறிவித்ததில்லை, எங்கும் எழுதி ஒட்டியதுமில்லை. புதிதாக வருகிறவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே விளையாட்டாக ஏதாவது சொல்லிவிட்டு, அதன்பின் அறையில் இறங்கும் மௌனத்தில் தனியாக நின்று அதைத் தெரிந்துகொள்வார்.

ஞானஜோதியும் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். சேலையூரில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்த மாடிக்கு முதன்முதலாக வந்த அன்று அமர்ந்திருந்தவன் ஷ்யாம்சுந்தர். அவனுடைய ஒரு காது மற்றதைவிடத் துருத்திக்கொண்டிருந்ததைச் சொல்லி அவள் சிரித்தாள். எந்நேரமும் எவரையாவது கேலி செய்துகொண்டிருக்கும் அவன்கூட அப்போது சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன் எழுந்து தூரிகையைக் கழுவப் போய்விட்டார். ஏற்கெனவே கழுவிய தூரிகைதான் அது. ஞானஜோதிக்கு முகமெல்லாம் சுட்டது.

வீட்டுக்குப் போய் யோசித்தபோது அந்த விதி அவளுக்குப் பிடித்துப்போனது. காசு கொடுத்து ஆள் அமர்த்த அவர்களால் முடியாது. ஆகவே தங்களுக்குள்ளேயே ஆளுக்கொரு பருவம் என்று முறைவைத்து அமர்ந்தார்கள். ஒரு மனிதர் ஞாயிறு பிற்பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்து, தம்மை மூன்று ஜோடிக் கண்களுக்கு ஒப்புக்கொடுக்கிறார். அந்தப் பார்வையே ஆடையை ஊடுருவுகிற பார்வை. அதற்கு மேல் சொல்லும் சேர்ந்தால் யாரால் தாங்க முடியும்? பள்ளி ஸ்டாஃப் ரூமில் நுழைந்தாலே, கறுத்துவிட்டீர்களே, கன்னம் ஒட்டிவிட்டதே என்று ஆளுக்கொரு தீர்ப்பு வழங்குவார்கள். இங்கே மட்டும்தான், தன்னை இவ்வளவு உற்றுப் பார்ப்பவர்கள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள். தனக்குத் தெரிந்த நாகரிகங்களில் இதுவே ஆக உயர்ந்தது என்று அவள் நம்பினாள். தன் முறை வந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, பார்க்கப்படுவதற்குப் பயப்படாமல் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கோடையில் அமரும் முறை ஸ்ரீவித்யாவுடையது. நாவலூரில் மென்பொருள் வேலை, மேடவாக்கத்தில் தனி ஃபிளாட், முடிந்துபோன ஒரு திருமணம். புகுந்த வீட்டில் அவள் முகத்தைப் பற்றி நிறையப் பேசியிருந்தார்கள். போட்டோவில் ஒரு மாதிரி, நேரில் ஒரு மாதிரி என்று தொடங்கிய பேச்சு கடைசிவரை நிற்கவில்லை. அதனாலோ என்னவோ, மற்றவர்களை அபாரமாக வரைகிறவள் தன் முறை வரும்போதெல்லாம் அலுவலகத்தில் வேலை நெருக்கடி என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். இந்த வருடம் அவளே முன்வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாற்காலிக் கால்கள் ஒவ்வொன்றையும் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார் ஸ்ரீநிவாசராகவன். வாராவாரம் நாற்காலி அதே வட்டங்களுக்குள் நிற்க வேண்டும். அதே வடக்கு ஜன்னல், அதே நேரம், அதே கைத்தறிப் புடவை. மின்விசிறி கூடாது, ஏனென்றால் காற்றில் முடி இடம் மாறும், மடிப்பு கலையும். பங்குனி வெயிலில் விசிறியில்லாமல் உட்காருவது சுலபமல்ல. பாவம் செய்தவர்கள் எண்ணெய்ச் சட்டிக்குப் போவார்கள், ஓவியர்கள் நேரே ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வருவார்கள் என்பது ஷ்யாம்சுந்தர் ஒவ்வொரு கோடையிலும் சொல்லும் ஜோக். இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் ஒரே காரணந்தான்: அமர்ந்திருப்பவரைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது.

முதல் வாரம் கரிக்கோட்டுப் படம் மட்டும். ஞானஜோதி கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூரிகைக் காம்பின் மேல் கட்டைவிரலை நகர்த்தி, கண்ணிலிருந்து கண், மூக்கிலிருந்து வாய் என்று அளவெடுத்துக் காகிதத்தில் வைத்தாள். மற்றவர்கள் உள்ளுணர்வு என்று எதைச் சொன்னார்களோ, அது அவளுக்கு அளவில்தான் தொடங்கியது. அளவு சரியாக விழுந்துவிட்டால் முகம் தானாக மூச்சுவிட ஆரம்பிக்கும். அன்றும் விழுந்தது.

வண்ணம் தொடங்கியபின் ஒரு ஞாயிறு, ஜன்னல் பக்கத்துக் கண் பிசகியிருப்பதைப் பார்த்தாள். மேலிமையின் கோடு அவள் வரைந்ததைவிடக் கீழே இருந்தது. தன் தவறு என்று எடுத்துக்கொண்டு, வண்ணத்தைக் கத்தியால் சுரண்டி, இமையை இறக்கி வரைந்தாள். அடுத்த வாரம் வந்து அளந்தால் அது இன்னும் கீழே இருந்தது. மறுபடி சுரண்டினாள், மறுபடி இறக்கினாள்.

அதற்கு மறுவாரம் சுரண்டப் போன கை பாதியில் நின்றது. மாணவர்களின் விடைத்தாள்களோடு பதினைந்து வருடம் வாழ்ந்தவள் அவள். தவறு என்பது அங்குமிங்கும் சிதறும். ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். வாராவாரம் ஒரே திசையில் போகிற தவறு தவறல்ல. அவள் மெல்லத் தலையை உயர்த்தி, அளக்காமல், வெறுமனே ஸ்ரீவித்யாவைப் பார்த்தாள்.

அப்போதுதான் வேர்வை கண்ணில் பட்டது. அன்று நல்ல புழுக்கம். எல்லோருடைய முகமும் எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. ஸ்ரீவித்யாவின் நெற்றியிலும் கன்னத்திலும் மினுமினுப்பு இருந்தது, ஆனால் ஒரு பாதியில் மட்டும். மூக்குத் தண்டின் மேல் யாரோ கோடு கிழித்ததுபோல அது அங்கேயே நின்றது. அந்தப் பக்கம் ஈரம். இந்தப் பக்கம், வெயிலில் காயவைத்த மண்சட்டி. ஒளியின் விளையாட்டு என்று ஒரு கணம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. வறண்டிருந்தது ஜன்னல் பக்கம். ஒளி முதலில் விழுகிற பக்கம். மினுக்கம் எங்காவது இருக்க வேண்டுமென்றால் அது அங்கேதான் இருக்க வேண்டும்.

தன் பயத்துக்குப் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் மருத்துவம் படித்தவளல்ல. முகம் பார்க்கப் பழகியவள், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் சொன்னது: இந்த முகத்துக்கு உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, அது நிற்கவில்லை.

தேநீருக்காக நிறுத்தியபோது ஸ்ரீவித்யா எழுந்து, கழுத்தின் பின்புறத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, தோளைச் சுழற்றினாள். நாற்காலியைக் குறை சொல்லவில்லை, ஓ.எம்.ஆர். ரோட்டு டிராஃபிக்கில் தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து தோள்பட்டை போய்விட்டது என்றாள். அந்த வலியும் ஜன்னல் பக்கந்தான். பிறகு வழக்கம்போல கான்வாஸ்களைத் தாங்கி நின்ற ஈஸல்களையெல்லாம் சுற்றி வந்தாள். ஞானஜோதி அவள் பின்னாலேயே போனாள். போகாமலிருக்க முடியவில்லை.

ஷ்யாம்சுந்தர் படத்தில் வண்ணம் அப்பளம்போல் தடித்துக் கிடந்தது. அவன் வேகக்காரன், விவரங்களை மதிக்காதவன். அப்படியும் ஒரு இமை இறங்கியிருந்தது. ஸ்ரீநிவாசராகவனின் கான்வாஸுக்கு முன் ஞானஜோதி நின்றுவிட்டாள். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். சகாக்களெல்லாம் உருவங்களை விட்டு வெறும் வண்ணங்களுக்குப் போனபோது, மனித முகத்தைவிட்டு நகரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர். அந்தப் பிடிவாதமெல்லாம் இந்த ஒரு படத்துக்காகத்தானோ என்று தோன்றியது. ஒரு பாதி முகம் ஒளியில் நனைந்திருந்தது. மறுபாதி ஒளியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. பாதி மூடிய அந்தக் கண் எதையோ நினைத்தபடி உறக்கத்தின் விளிம்பில் நின்றது. அழகு என்ற சொல்லை அந்த அறையில் யாரும் லேசில் எடுப்பதில்லை. அந்தக் கண்ணுக்கு வேறு சொல் இல்லை. அதுதான் ஞானஜோதியைக் குலைநடுங்க வைத்தது. அவள் பயந்ததெல்லாம் அப்படியே அங்கே இருந்தது, ஒரு மயிரிழை பிசகாமல், அழகாக.

ஸ்ரீவித்யா அதன் அருகே போய்க் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிக் கேட்டாள்.

"இது நானா சார்?"

"நீங்கதான்மா. நான் எதையும் சேர்க்கலை" என்றார் ஸ்ரீநிவாசராகவன். ஞானஜோதி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டின் மாடிப்படி திரும்புகிற இடத்தில் இன்னொரு படம் தொங்குகிறது. ஸ்ரீநிவாசராகவனின் மனைவி அபிதகுஜாம்பாள், ஞானஜோதி வருவதற்கு முந்தைய வருடம் காலமானவர். மடியில் கைகோத்து, சற்றே தலைசாய்த்து அமர்ந்திருக்கிற அந்தப் படத்தைப் பார்க்கவென்றே நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். தோலுக்கு அடியில் விளக்கேற்றியதுபோல ஒரு மஞ்சள். விழியின் வெண்மையில்கூட அதன் சாயை. அந்த மஞ்சளை எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்காதவர் இல்லை. அவர் பதில் சொன்னதே இல்லை. அது ஒரு கலைஞனின் ரகசியம் என்றே ஞானஜோதி இத்தனை நாள் மரியாதையோடு அதைக் கடந்து போயிருந்தாள். அன்று இறங்கும்போது அந்தத் திருப்பத்தில் கால் தயங்கியது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மீதிப் படிகளை இறங்கினாள்.

வாசலில் ஷ்யாம்சுந்தர் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் நேரடியாகவே கேட்டாள், அந்த இமையைப் பார்த்தாயா என்று. அவன் ஹெல்மெட்டைப் போடப் போனவன் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். பார்த்தேன் என்றான். வேர்வையையும் பார்த்தானாம். சாருக்கும் தெரியுமா என்று கேட்டதற்கு, "சார் பார்க்காததை நாம பார்த்துடுவோமாக்கா?" என்று திருப்பிக் கேட்டான்.

பிறகு அவன் அபிதகுஜாம்பாளைப் பற்றிச் சொன்னான். அவரை அம்மா என்றுதான் சொன்னான். அவர் காலமான அந்த வருடம் அமரும் முறை அம்மாவுடையது. வாரம் ஏற ஏற அந்த மஞ்சள் கூடிக்கொண்டே வந்தது. சாயங்கால வெயில் என்று ஒருவர் சொன்னார், மஞ்சள் பூசிக் குளித்திருப்பார் என்று இன்னொருவர். சாருக்கு மட்டும் ஏதோ வரம் கிடைத்ததுபோல் இருந்தது. ஊணுறக்கமில்லாமல் அந்த நிறத்தைத் தேடினார். கிடைத்த அன்று எல்லோருக்கும் பாயசம். படம் முடிந்த பிறகுதான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஈரல் என்றார்கள், இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள். அவ்வளவுதான். அதற்கு முன்னாலெல்லாம் அந்த மாடியில் மூக்கையும் தொப்பையையும் சொல்லிச் சிரிப்பது சகஜமாம். அம்மா போன பிறகு ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"நாகரிகம் கீகரிகம்லாம் ஒண்ணும் இல்லக்கா. பயம். யாராவது யார் உடம்பையாவது பத்தி ஒரு வார்த்தை எடுத்தா, அது அம்மாகிட்ட போய் நிக்கும். சார் அந்த இடத்துலயே உடைஞ்சுடுவாரு. அதான் எல்லாரும் வாயை மூடிக்கினோம். பின்னாடி வந்தவங்க அதைப் பெரிய மரியாதைன்னு நினைச்சுக்கினாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் ஞானஜோதி.

அப்படியானால் ஸ்ரீவித்யாவிடம் நீயாவது சொல்லேன் என்று அவள் கேட்டபோது, அவன் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினான். நாம் டாக்டரா என்றான். கண் வீக்கமாகக்கூட இருக்கலாம், இரவெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை என்றான். இன்னும் ஒரு அமர்வுதான் பாக்கி, அதோடு சாரின் படம் கண்காட்சிக்குப் போய்விடும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். சொல்லி முடித்ததும் இருவருக்குமே அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. மாடிப்படித் திருப்பத்திலிருந்து வந்தது. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்காக ஒரு வாரம் விடுமுறை. அந்த இரண்டு வாரமும் ஞானஜோதியை முகங்கள் விடவில்லை. பரீட்சைக் கூடத்தில் மேற்பார்வைக்கு நின்றபோது பிள்ளைகளின் இமைகளை அளந்தாள். கோயிலில் நற்கருணைக்கு வரிசையில் நின்றவர்களின் நெற்றிகளில் வேர்வை இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்த்தாள். இருப்பதைப் பார்த்து அநியாயத்துக்கு நன்றி சொன்னாள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் ஆபேலை அப்படி வெறித்துப் பார்க்க, அவன் கை கழுவாமலே கேட்டான், என் முகம் என்ன கேள்வித்தாளா என்று. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிடு, தவறாக இருந்தால் அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போகப் போகிறாள் என்றான் ஆபேல். அவன் சொன்னதில் பிழையே இல்லை. அந்த மாடியில் ஒரு பிற்பகல்கூட உட்காராதவன் அவன், அதனால் அவனுக்கு அது சுலபமாக இருந்தது.

ஆனாலும் மறுநாள் மாலை ஸ்ரீவித்யாவுக்குப் போன் செய்தாள். அவள் கம்பெனி பஸ்ஸில் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தாள். பின்னணியில் ஹார்ன் சத்தம். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஞானஜோதி சுற்றிவளைத்து ஆரம்பித்தாள். தோள் வலி இருக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, மவுஸ் பிடிக்கிற கை அல்லவா என்று சொல்லிவிட்டு, ஸ்ரீவித்யா தானாகவே படத்துக்குப் போய்விட்டாள். சாரின் ஓவியத்தைப் போனில் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தாளாம். அம்மா அழுதுவிட்டார்களாம்.

"நான் இப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாதுக்கா. அதுலயும் அந்தக் கண்ணு. காலையில பல்லு தேய்க்கும்போது கண்ணாடில அதைத்தான் பார்க்கறேன். அசிங்கமா பேசினவங்க எல்லாரும் ஒரு தடவை வந்து பார்க்கணும்போல இருக்கு. உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. என் முகத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத இடம் அது ஒண்ணுதான்."

தண்ணீர் நிறையக் குடி என்றாள் ஞானஜோதி. வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள். வைத்தபின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. இரண்டு கையும் ஈரமாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட தன்னையே வெறுத்தாள். கைப்பேசியில் தேடிப் பார்க்கலாம். இமை, வேர்வை, தோள், விரல் என்று நாலு சொல் போட்டால் போதும். நாலு நாள் போடவில்லை. ஐந்தாம் நாள் பள்ளி இடைவேளையில் போட்டாள். நுரையீரலின் உச்சியில் கட்டி என்று தொடங்கிய முதல் வரியைப் படித்ததும் போனைக் கைப்பைக்குள் கவிழ்த்துப் போட்டாள். அடுத்த வகுப்பில் கரும்பலகையில் எழுதிய கணக்கைப் பிள்ளைகள் திருத்த வேண்டியிருந்தது.

ஒரு அழகை இன்னொருவரிடமிருந்து பறிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரியும். அவளிடமிருந்தும் சிலர் பறித்திருக்கிறார்கள். ஆனால் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது வேறொரு எண்ணம். அந்தக் கண்ணை அவளும் வரைந்திருந்தாள். முதலில் சுரண்டினாள், பிறகு இறக்கினாள், பிறகு, உள்ளபடி சொன்னால், அந்த இறங்கிய கோட்டில் தன் கை இதுவரை காணாத ஒரு நயம் வந்ததைப் பார்த்து மகிழ்ந்திருந்தாள். உள்ளதை உள்ளபடி பார்க்கக் கற்றுக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் கற்றுக்கொண்டாள். பார்த்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. வரைவதே செய்கை என்று இருந்துவிட்டாள். கண்ணுக்கும் கைக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒருத்தி அத்தனை ஞாயிறும் எங்கே போயிருந்தாள்?

கடைசி அமர்வுக்கு அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்விட்டாள். தோளில் நீண்ட காகிதக் குழாய். அதற்குள் முதல் வாரத்துக் கரிக்கோட்டுப் படம். எதற்காக எடுத்துவந்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் அபிதகுஜாம்பாளைப் பார்க்காமல் ஏற முயன்றாள். முதுகில் அந்த மஞ்சள் பட்டுக்கொண்டே வந்தது.

ஸ்ரீவித்யா வந்து, வட்டங்களுக்குள் நாற்காலிக் கால்கள் சரியாக நிற்கின்றனவா என்று தானே பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இமை இன்னும் இறங்கியிருந்தது. அளக்கத் தேவையே இல்லை. இன்றே முடித்துவிடலாம், நாளைக் காலை வண்டி வந்து படத்தை எடுத்துப்போகும் என்று ஸ்ரீநிவாசராகவன் பொதுவாகச் சொன்னார். ஷ்யாம்சுந்தர் எண்ணெய்ச் சட்டி ஜோக்கைச் சொல்லவில்லை. விசிறி நிறுத்தப்பட்டது.

அறை மெல்ல மெல்லச் சூடேறியது. தூரிகைகள் கான்வாஸில் உரசும் சத்தம் மட்டும். தாம்பரம் பக்கம் எங்கோ ஒரு ரயில் நீளமாகக் கூவிவிட்டுப் போயிற்று. ஸ்ரீவித்யாவின் நெற்றியில் வேர்வை அரும்பத் தொடங்கியது. அரும்பு பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, மூக்குத் தண்டு வரை வந்து, நின்றது. ஜன்னல் பக்கம் ஒரு துளி இல்லை. ஞானஜோதி தூரிகையை வண்ணத்தில் தோய்த்தாள், கான்வாஸ் வரை கொண்டுபோனாள், திரும்பக் கொண்டுவந்தாள். தான் தவறாக இருக்கலாம். தான் சரியாக இருக்கலாம். இரண்டில் எது அதிக பயம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அப்போது ஸ்ரீநிவாசராகவனைப் பார்த்தாள். அவர் அந்தக் கண்ணைத்தான் முடித்துக்கொண்டிருந்தார். பேலட் பலகையில் மண்நிறத்தை எடுத்தார், வெள்ளையைத் தொட்டார், இமையின் மேல் வைத்தார். ஆனால் நாற்காலியைப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் பார்த்துப் பார்த்தே வரைந்தவர், பார்க்காமல் ஒரு கோடுகூடப் போடாதவர், வெகுநேரமாக ஸ்ரீவித்யாவின் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

அவருக்குத் தெரியும். இமை இறங்கத் தொடங்கிய வாரமே தெரிந்திருக்கும். தன்னைப் போலவே அவரும் இத்தனை நாள் பயந்துகொண்டு நின்றிருக்கிறார். அவர் பயம் ஒரு மனைவியின் அளவுக்குப் பெரியது. இப்போது தான் சொல்லப்போகும் ஒரு வார்த்தை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது ஞானஜோதிக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த அறையும் அதோடு போய்விடும். பயமில்லாமல் தன்னைப் பார்க்கவிட அவளால் முடிந்த ஒரே அறை.

ஸ்ரீவித்யா அசையாமலே, உதடு மட்டும் அசைய, கை மறுபடி மரத்துப்போகிறது, ஒரு நிமிடம் உதறிக்கொள்ளலாமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும்மா, இதோ முடிந்துவிட்டது என்றார் ஸ்ரீநிவாசராகவன், கான்வாஸைப் பார்த்தபடியே.

ஞானஜோதி தூரிகையைக் கீழே வைத்தாள். சுவரோரம் போய் விசிறியைப் போட்டாள். காற்று அடித்ததும் காகிதங்கள் படபடத்தன, ஸ்ரீவித்யாவின் முடி கலைந்து நெற்றியில் விழுந்தது. யாரது, யார் ஃபேனைப் போட்டது என்று கேட்டுக்கொண்டே ஸ்ரீநிவாசராகவன் திரும்பினார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"வேண்டாம் ஜோதி" என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "பேசாதீங்கோ."

அவள் குழாயைத் திறந்து கரிக்கோட்டுப் படத்தை உருவினாள். காற்றில் சுருண்டுகொள்ளப் பார்த்த காகிதத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, யாரும் மிதிக்காத சுண்ணாம்பு வட்டங்களை மிதித்து, நாற்காலியின் முன் போய் மண்டியிட்டாள். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினாள்.

"வித்யா, உன் முகத்தைப் பத்திப் பேசறேன். முதல் வாரம் நீ இப்படி இருந்த, பாரு. இப்போ ஜன்னல் பக்கத்து இமை இறங்கிடுச்சு. அந்தப் பக்கம் உனக்கு வேர்க்கவே இல்ல. அந்தக் கைதான் மரத்துப்போகுது. இதை நாங்க மூணு பேரும் வாராவாரம் பார்த்தோம்மா. பார்த்துட்டு வரைஞ்சோம். எழுந்திரு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."